ஹைட்ரா பூம் தானாக இறங்குகிறது, பம்ப்பை மாற்றிவிடலாமா?

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். எட்டு வருடம் ஓடிய 14 டன் ஹைட்ரா (லோடைத் தூக்கிக்கொண்டே நகரும் கிரேன்). காலையில் ஒரு குறையும் இல்லை. மதியம் ஆயில் சூடேறியதும் லோடோடு பூம் (கிரேனின் நீளக் கை) ஏற ரொம்ப நேரம் எடுக்கிறது. அப்புறம், லோடைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தால் பத்து நிமிடத்தில் ஹூக் அரை அடி கீழே வந்துவிடுகிறது. பார்த்த மெக்கானிக் "பம்ப் போயிடுச்சு, மாத்தினா ரெண்டும் சரியாயிடும்" என்கிறார். மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது, இந்த இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றா, அது பம்ப்தானா என்பது என்று நினைக்கிறேன். பம்ப் விலையைக் கேட்ட பிறகு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

நான் இருபத்திரண்டு வருடமாக கிரேன், ஃபோர்க்லிஃப்ட், டிப்பர் என்று ஹைட்ராலிக்ஸ் வேலை மட்டுமே பார்க்கிறவன். முதல் பத்து வருடம் எண்ணூர், மணலி பக்கம் ஒரு பட்டறையில், பிறகு சொந்தமாக. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்கவில்லை, ஆயிலை விரலில் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் இதுதான் கோளாறு என்று இங்கே உட்கார்ந்து சொல்ல மாட்டேன். எது நிச்சயம், எது ஊகம், எதை அளந்து பார்த்தால்தான் தெரியும் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

நிச்சயமானது முதலில். இன்ஜினை அணைத்த பிறகு பூம் இறங்கினால் பம்ப்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பம்ப் சுற்றவே இல்லை, அது எப்படிக் குற்றவாளி ஆகும்? லீவரை நடுவில் விட்டதும் லோடைத் தாங்குவது பூமைத் தூக்கும் லிஃப்ட் சிலிண்டரின் அடிப்பக்கம் அடைபட்டு நிற்கும் ஆயில்தான். அந்த ஆயில் வெளியே போக மூன்று வழி உண்டு. ஒன்று, சிலிண்டரின் மேலேயே பொருத்தியிருக்கும் கவுண்டர்பேலன்ஸ் வால்வு (பட்டறையில் லாக் வால்வு என்றே சொல்வோம்). இரண்டு, பிஸ்டன் சீலை (சிலிண்டருக்குள் நகரும் பிஸ்டனைச் சுற்றி ஆயிலை மறிக்கும் வளையம்) தாண்டி, ராடு, அதாவது பிஸ்டனோடு சேர்ந்த தண்டு இருக்கும் பக்கத்துக்கு. மூன்று, வெளியே சொட்டுவது, அது கண்ணுக்கே தெரியும். லாக் வால்வு ஒழுங்காக இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹோஸ் அறுந்தாலும் பூம் நிற்க வேண்டும், அதற்காகத்தான் அதை சிலிண்டரிலேயே வைக்கிறார்கள். ஆக, இரண்டாவது கோளாறைப் பொறுத்தவரை உங்கள் மெக்கானிக் சொன்னது தப்பு. முதல் கோளாறில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டும் ஒரே நோயா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். உங்கள் சிலிண்டரின் உள்விட்டம் நீங்கள் எழுதவில்லை, கணக்குக்காக ஒரே சிலிண்டர், 160 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் பரப்பு சுமார் 201 சதுர சென்டிமீட்டர். ராடு ஒரு சென்டிமீட்டர் நகர 200 மில்லி ஆயில் வேண்டும், ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் பூமின் பின்முனைக்கு அருகில் பிடிப்பதால் ராடு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஹூக் ஆறேழு சென்டிமீட்டர் நகரும், பூமை எவ்வளவு நீட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. ஹூக் அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டர் இறங்கியது என்றால் ராடு சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. 400 மில்லி ஆயில், பத்து நிமிடத்தில். நிமிடத்துக்கு 40 மில்லி. உங்கள் பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்தால், 40 மில்லி என்பது அதில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன ஒழுக்கால் பூம் ஏறும் வேகம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையாது. திருப்பியும் போட்டுப் பாருங்கள்: பூம் ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டது, அதற்குக் காரணம் பிஸ்டன் சீல் என்றால், நிமிடத்துக்கு 12 லிட்டர் அந்த வழியே போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட சீலோடு லோடைத் தூக்கி நிறுத்தினால் அரை அடி இல்லை, பூம் கண் முன்னாலேயே படுத்துவிடும். (ராடு பக்கத்து லைன் நடுநிலையில் முழுவதும் அடைபடும் வண்டி என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.)

அதனால் என் முடிவு: உங்கள் வண்டிக்கு இரண்டு தனித்தனி நோய். இறங்குவது ஒன்று, மெதுவாவது இன்னொன்று. ஒரே பாகத்தை மாற்றி இரண்டையும் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் கணக்கு ஒத்துவரவில்லை. சிலிண்டர் அளவும் பம்ப் அளவும் உங்கள் மேனுவலில் இருக்கும், என் எண்களுக்குப் பதிலாக அவற்றைப் போட்டு ஒரு தடவை சரிபாருங்கள். இரண்டு சிலிண்டர் என்றால் ஒழுக்கு இரட்டிப்பாகும், அப்போதும் முடிவு மாறாது.

இறங்குவதை எடுத்துக்கொள்வோம், ஆபத்து அதில்தான். முதலில் ஹூக்கைப் பார்த்து அளப்பதை விடுங்கள். காற்றில் லோடு ஆடும், ஹூக் கயிற்றைச் சுற்றும் வின்ச்சின் பிரேக் லேசாக நழுவினாலும் ஹூக் இறங்கும், நீங்கள் பூமைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வின்ச் மோட்டார் என்பது எப்போதுமே உள்ளுக்குள் கொஞ்சம் ஒழுகும் சாதனம், புதிதாக இருந்தாலும் ஒழுகும், லோடைப் பிடித்து நிறுத்துவது அதன் பிரேக்தான். ஆகவே அளவை ராடில் எடுங்கள். லோடைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். இன்ஜினை அணையுங்கள். ராடு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில், வைப்பருக்கு (தூசியைத் துடைக்கும் வளையம்) ஒட்டினாற்போல் ராடில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். பூமுக்கு அடியில் யாரும் நிற்கக் கூடாது, டீ குடிக்கக்கூட அந்த நிழலில் ஒதுங்கக் கூடாது. பத்து நிமிடம் கழித்து டேப் எவ்வளவு தூரம் உள்ளே போக முயன்று சுருங்கி நிற்கிறது என்று பாருங்கள், அல்லது முன்பே இன்னொரு டேப்பைப் பத்து சென்டிமீட்டர் தள்ளி ஒட்டி, மிச்சத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். இதைக் காலையில் குளிர்ந்த ஆயிலோடு ஒரு முறை, மதியம் சூடான ஆயிலோடு ஒரு முறை. இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு. ராத்திரி பூமை உயர்த்தி நிறுத்திவிட்டுப் போய் காலையில் வந்து பார்த்தால் இறங்கியிருக்கிறது என்று பதறி வருபவர்கள் உண்டு. ஆயில் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. சிலிண்டருக்குள் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஆயில் நிற்கிறது, 70 டிகிரியிலிருந்து 30க்கு வந்துவிட்டது என்றால் நாலு சென்டிமீட்டர் தானாகக் குறையும். ஒரு சொட்டுக்கூட எங்கும் ஒழுகாமலே. பூமை நீட்டும் டெலிஸ்கோப் சிலிண்டரிலும் இதேதான். உங்கள் விஷயம் பத்து நிமிடத்தில் நடப்பதால் இது காரணமாக முடியாது, அந்த நேரத்தில் அத்தனை டிகிரி குளிராது. ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள், இதற்காகவே புது சீல் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, லாக் வால்வா, பிஸ்டன் சீலா? இதில்தான் பெரும்பாலான மெக்கானிக்குகள் தடுமாறுவார்கள், நானும் தடுமாறியிருக்கிறேன். பிஸ்டன் சீல் கிழிந்தால் பூம் இறங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். யோசித்துப் பாருங்கள்: ராடு உள்ளே வரும்போது அடிப்பக்கத்திலிருந்து வெளியேறும் ஆயில் அதிகம், ராடு பக்கத்தில் கிடைக்கும் இடம் குறைவு, ஏனென்றால் அங்கே ராடே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் நிஜமாகவே அடைபட்டிருந்தால், சீலே இல்லாவிட்டாலும் மிச்ச ஆயில் போக இடமில்லாமல் பூம் நின்றுவிடும். அதற்கு விலை, அழுத்தம். அப்போது லோடைத் தாங்குவது பிஸ்டனின் முழுப் பரப்பு இல்லை, ராடின் பரப்பு மட்டும்தான். ராடு 90 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 64 சதுர சென்டிமீட்டர். 100 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டிய அதே லோடு இப்போது 300 பாருக்கு மேல் காட்டும். அந்த அழுத்தத்தில் லாக் வால்வு தானே திறந்துவிடும், அல்லது ராடு பக்கத்து ஹோஸ் வெடிக்கும்.

இன்னொன்றும் நடக்கும். லாக் வால்வைத் திறக்கும் பைலட் லைன் ராடு பக்கத்திலிருந்துதான் வருகிறது, நீங்கள் பூமை இறக்க லீவரைத் தள்ளும்போது திறக்க வேண்டும் என்பதற்காக. வால்வை 200 பாருக்கு செட் செய்திருக்கிறார்கள், லோடு அழுத்தம் 100 பார், பைலட் விகிதம் நாலுக்கு ஒன்று, அதாவது பைலட் லைனில் வரும் ஒரு பார் வால்வைத் திறக்க நாலு பார் மாதிரி வேலை செய்யும் என்று வையுங்கள். மிச்சம் 100 பார், அதை நாலால் வகுத்தால் 25. ராடு பக்கத்தில் 25 பார் வந்தாலே வால்வு திறக்கத் தொடங்கும். கிழிந்த சீல் வழியாக அந்த 25 பார் தாராளமாக வரும். அப்போது வால்வைக் கழற்றிப் பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும், சீட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. வால்வு திறந்தது உண்மை, ஆனால் திறக்கச் சொன்னது சீல். இது தெரியாமல் ஒரே வண்டிக்கு இரண்டு லாக் வால்வு மாற்றினேன், பட்டறையில் சேர்ந்து ஐந்தாவது வருடம் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஆர்டர் போடப்போகும்போது மேஸ்திரி ஒரு வார்த்தை பேசாமல் ராடு பக்கத்தில் ஒரு கேஜை மாட்டிவிட்டுப் போனார். முள் மெல்ல ஏறி 30ல் நின்றது.

ஆக, சோதனை. பூமை முழுவதும் இறக்கி அதன் தாங்கியில் உட்கார வையுங்கள், அழுத்தம் எங்கும் இல்லாதபடி இன்ஜினை அணைத்து லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டிவிடுங்கள். ராடு பக்கத்து லைனில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு கேஜ் மாட்டுங்கள். பிறகு லோடை நாலு விரல் தூக்கி, இன்ஜினை அணைத்து, லீவரை நடுவில் விட்டுப் பாருங்கள். முள் ஏறினால் சீலைச் சந்தேகிக்கலாம், கிட்டத்தட்ட நிச்சயமாக. முள் பூஜ்யத்திலேயே நின்றால் மட்டும் சீல் தப்பித்தது என்று அர்த்தமில்லை. சில கண்ட்ரோல் வால்வுகளில் (லீவர் இயக்கும் வால்வு) நடுநிலையில் ராடு பக்கம் டேங்கோடு திறந்தே இருக்கும், அங்கே அழுத்தம் சேராது. உங்கள் வண்டி எந்த வகை என்று சர்க்யூட் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்த வகை என்றால் இன்னொரு சோதனை உண்டு: பூம் தாங்கியில் உட்கார்ந்திருக்கும்போதே, லாக் வால்விலிருந்து கண்ட்ரோல் வால்வுக்குப் போகும் ஹோஸை லாக் வால்வு முனையில் கழற்றி, ஹோஸின் வாயை நல்ல ஸ்டீல் மூடியால் அடைத்து, வால்வின் திறந்த வாய்க்கு அடியில் ஒரு பக்கெட் வையுங்கள். இப்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்து பூம் இறக்கும் பக்கம் லீவரைப் பிடியுங்கள். ராடு பக்கம் முழு அழுத்தம் வரும், பைலட்டும் திறக்கும், பூம் ஏற்கெனவே அடியில் இருப்பதால் எதுவும் அசையாது. முதலில் மிச்சமிருந்த ஆயில் கொஞ்சம் வரும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகும் விடாமல் வந்தால் அது சீலைத் தாண்டி வருவது, அல்லது லாக் வால்வின் பைலட் பிஸ்டன் ஓரிங்கைத் தாண்டி வருவது. இதில் முழு நிச்சயம் கிடையாது. பிஸ்டன் கடைசியில் இருக்கும் இடத்தில் சிலிண்டர் சுவர் நன்றாக இருந்து, தினமும் வேலை நடக்கிற நடுப்பகுதியில் தேய்ந்தோ கீறியோ இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

எக்காரணம் கொண்டும் லோடு தொங்கும்போது அடிப்பக்கத்து நட்டைத் தளர்த்தி "வருதா பார்ப்போம்" என்று பார்க்காதீர்கள். லாக் வால்வின் ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை மீறினால் ஆயிலை டேங்குக்குத் திறந்துவிடும் வால்வு) வலப்பக்கம் திருகினால் செட்டிங் கூடும், ஆனால் சில வகை கவுண்டர்பேலன்ஸ் வால்வில் வலப்பக்கம் திருகினால் குறையும், லோடு கையோடு வந்துவிடும். இறுக்குகிறோம் என்று நினைத்துத் திறந்துவிடுபவர்கள் உண்டு. அதேபோல் ஹோஸில் ஊசித்துளை ஒழுக்கு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள், ஒரு அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போகும், முதலில் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரல் போய்விடும். ஆஸ்பத்திரியில் "ஆயில் இன்ஜெக்‌ஷன் காயம்" என்று அழுத்திச் சொல்ல வேண்டும், வெறும் சின்னக் காயம் என்று டிடி ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும்.

இப்போது மெதுவாவது. இங்கே பம்ப் குற்றவாளியாக இருக்கலாம், ஆனால் பட்டியலில் அதற்கு முன்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். நாம் எல்லோரும் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றே பேசிப் பழகிவிட்டோம். பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான், எதிர்ப்பு இருந்தால்தான் அழுத்தம் வரும். வேகம் குறைந்தால் ஆயில் குறைகிறது என்று அர்த்தம். தூக்கவே முடியாமல் நின்றுவிட்டால்தான் அழுத்தத்தைத் தேட வேண்டும். நீங்கள் மெதுவாக ஏறுகிறது என்கிறீர்கள், ஏறாமல் நிற்கிறது என்று சொல்லவில்லை. ஆகவே ரிலீஃப் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினால் சரியாகும் என்று யாராவது வந்தால் பக்கத்தில் விடாதீர்கள். அது வேகத்தைக் கூட்டும் ஸ்க்ரூ இல்லை. இறுக்கினால் லோடு சார்ட்டுக்கு மேல் தூக்கும் தெம்பு வரும், ஹைட்ரா போன்ற வண்டியில் அந்தத் தெம்பு வண்டியைக் குப்புறத் தள்ளும்.

ஃப்ளோ மீட்டர் இல்லாவிட்டாலும் உங்களிடம் ஒரு ஃப்ளோ மீட்டர் இருக்கிறது, அது சிலிண்டரும் கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சும்தான். ராடு ஒரு மீட்டர் வெளியே வர எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். மேலே சொன்ன 160 மில்லிமீட்டர் சிலிண்டரில் ஒரு மீட்டருக்கு 20 லிட்டர். 20 வினாடியில் வந்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர். 28 வினாடி என்றால் 43 லிட்டர், அதாவது 17 லிட்டர் எங்கோ திருட்டுப்போகிறது. இதை நாலு விதமாக அளக்க வேண்டும்: குளிரில் லோடு இல்லாமல், குளிரில் லோடோடு, சூட்டில் லோடு இல்லாமல், சூட்டில் லோடோடு. நாலு முறையும் இன்ஜின் ஆர்பிஎம் ஒன்றாக இருக்க வேண்டும், லோடு விழுந்ததும் ஆர்பிஎம் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், பம்ப் மாற்றி, கண்ட்ரோல் வால்வு மாற்றி, கடைசியில் டீசல் ஃபில்டர் அடைப்பு என்று கண்டுபிடித்த வண்டிகள் எத்தனையோ.

சூட்டிலும் லோடில்லாமல் பழைய வேகமே இருக்கிறது, லோடு ஏற்றினால் மட்டும் குறைகிறது என்றால், உள்ளே எங்கோ அழுத்தப் பக்கத்திலிருந்து டேங்குக்கு ஆயில் நழுவுகிறது. தேய்ந்த பம்ப்பாக இருக்கலாம், சரியாக மூடாத ரிலீஃப் வால்வாக இருக்கலாம், தேய்ந்த ஸ்பூலாகவும் (கண்ட்ரோல் வால்வுக்குள் நகர்ந்து ஆயிலுக்கு வழி மாற்றும் தண்டு) இருக்கலாம். சூட்டில் மட்டும் ஏன் என்றால் ஆயில் தண்ணீராகிவிடுகிறது. 68 கிரேடு ஆயிலின் 68 என்பது 40 டிகிரியில் அதன் பிசுக்கு, 80 டிகிரியில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். காலையில் அடைத்து நின்ற இடுக்கில் மதியம் தாராளமாக ஓடும். இதற்காக 100 கிரேடு ஊற்றி மறைக்கும் பழக்கம் இருக்கிறது, ஒரு மாதம் வண்டி நன்றாக ஓடும், பிறகு காலையில் கெட்டி ஆயிலை உறிஞ்ச முடியாமல் பம்ப் அலறும்.

லோடு இல்லாவிட்டாலும் சூட்டில் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் பம்ப்புக்கு ஆயிலே போய்ச் சேரவில்லையோ என்று பாருங்கள். டேங்க் அளவு, பிறகு பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியும் குழாயும், அதாவது சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர், சக்‌ஷன் ஹோஸ். பொதுவாக சக்‌ஷன் அடைப்பு ஆயில் கெட்டியாக இருக்கும் காலையில்தான் தொல்லை கொடுக்கும், அதனால் உங்கள் வண்டிக்கு இது முதல் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கை நானே கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் இதே புகார், காலையில் சரி, பதினோரு மணிக்கு மேல் உயிரில்லை. பம்ப் ஏற்கெனவே புதிது மாற்றிவிட்டார்கள். சக்‌ஷன் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தது, மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறதாம். வேறு எதுவும் சிக்காமல், போனால் போகட்டும் என்று அதைக் கழற்றி ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். உள்ளே ரப்பர் சுவர் ஒரு பக்கமாகப் பெயர்ந்து, நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. குளிரில் விறைப்பாக நின்ற நாக்கு, ஆயில் சூடானதும் குழைந்து, உறிஞ்சும்போது வாயை அடைத்திருக்கிறது. பம்ப் விலையில் ஒரு மூலைக்கும் வராத ஹோஸ். கழற்றிய பழைய பம்ப் ஷெட் ஓரத்தில் சாக்கில் கட்டிக் கிடந்தது, அதற்கு ஒரு குறையும் இல்லை.

காது நல்ல கருவி, கொஞ்சம் பழக்க வேண்டும். ஆயில் பற்றாமல் பம்ப் தவிக்கும்போது விடாத கூச்சல் வரும். காற்றை உறிஞ்சும்போது கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டுகிற சத்தம், டேங்க் ஆயில் மோர் மாதிரி நுரைத்திருக்கும். காற்றை எங்கே உறிஞ்சுகிறது என்று பார்க்க சக்‌ஷன் ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் கிரீஸைத் தடவுங்கள், எங்கே தடவியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான்.

நழுவல்தான் என்று தெரிந்தால் அந்த 17 லிட்டர் எங்கே போகிறது? இங்கே கை கொடுப்பது வெப்பம் பார்க்கும் துப்பாக்கி. வேலை எதுவும் செய்யாமல் அழுத்தத்திலிருந்து டேங்குக்கு விழும் ஆயில் முழுவதும் சூடாகிறது, 100 பாருக்குச் சுமார் ஆறு டிகிரி. 150 பாரில் 17 லிட்டர் நழுவினால் நாலு கிலோவாட்டுக்கு மேல், வீட்டு வாட்டர் ஹீட்டர் இரண்டைச் சேர்த்து டேங்குக்குள் போட்ட மாதிரி. ஆயில் சூடாவதால் நழுவல், நழுவலால் இன்னும் சூடு, மதியம் உங்கள் வண்டி படுப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். லோடைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே ரிலீஃப் வால்வின் உடல், அதிலிருந்து டேங்குக்குப் போகும் பைப், கண்ட்ரோல் வால்வு, பம்ப் என்று ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். பூம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அழுத்தம் செட்டிங்கைத் தொடவே இல்லை, ஆனால் ரிலீஃபின் டேங்க் பைப் மட்டும் மற்றதைவிடப் பத்து டிகிரி சூடு என்றால் தேடியவன் அங்கே இருக்கிறான். கழற்றினால் சீட்டில் ஒரு உலோகத்துகளோ ஓரிங் துண்டோ சிக்கியிருக்கும். பளபளப்பான பைப்பில் இந்தத் துப்பாக்கி தப்பாகக் காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள்.

ரிலீஃபும் கண்ட்ரோல் வால்வும் தப்பித்தால் பம்ப்தான் மிச்சம். அப்போதும் ஃப்ளோ மீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, சூடான ஆயிலில் லோடு இல்லாமல் எவ்வளவு, வேலை செய்யும் அழுத்தத்தில் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். கியர் பம்ப்பில் இரண்டுக்கும் கால் பங்கு அளவுக்கு வித்தியாசம் வந்தால் நான் மாற்றச் சொல்வேன், இது என் பழக்கம், தயாரிப்பாளர் கொடுத்த எண் இருந்தால் அதையே நம்புங்கள். மீட்டர் இல்லாமல் பம்ப் வாயை அடைத்து அழுத்தம் பார்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள், வழியில் ரிலீஃப் இல்லாமல் அப்படிச் செய்தால் பம்ப் உடைந்து தெறிக்கும், வேண்டாம். இன்னொரு சுலபமான தடயம்: ஸ்டியரிங்கும் டெலிஸ்கோப்பும் வின்ச்சும் மதியம் மந்தமாகிறதா? எல்லாமே மந்தம் என்றால் பொதுவான பக்கத்தில் கோளாறு, பூம் மட்டும் என்றால் பூமுக்கான ஸ்பூலிலோ அதற்கு அப்புறமோ. டேண்டம் பம்ப் வண்டிகளில் ஒவ்வொரு பகுதியும் வேறு வேலைக்குப் போவதால் எது எதற்கு என்று படத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கடைசியில் பம்ப்தான் என்று முடிவானால், மாற்றுவதற்கு முன் ரிட்டர்ன் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பாருங்கள். வெள்ளி மினுமினுப்பு நிறைய இருந்தால் பழைய பம்ப்பின் துகள் சர்க்யூட் முழுக்கப் பரவியிருக்கிறது, டேங்கைக் கழுவாமல், ஹோஸ்களை ஃப்ளஷ் செய்யாமல் புது பம்ப்பை மாட்டினால் அதன் ஆயுள் சில மாதம்தான். கெடுக்கிற துகள் பத்து மைக்ரான் அளவு, நம் கண்ணுக்கு நாற்பதுக்குக் கீழ் தெரியாது. பாரலிலிருந்து வரும் புது ஆயிலையே ஃபில்டர் வழியாகத்தான் ஊற்ற வேண்டும், டீசல் வாளியும் புனலும் வைத்து ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும்.

அதுவரை வண்டியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மெதுவாக ஏறுவது உங்கள் நேரம், உங்கள் பணம். தானாக இறங்குவது அப்படி இல்லை, ஸ்லிங்கைப் பிடித்துக்கொண்டு லோடுக்குப் பக்கத்தில் நிற்கும் பையனின் கால். அதைச் சரிசெய்யும் வரை வேலைக்கு அனுப்பாதீர்கள். சரிசெய்த பிறகு தகுதிச் சான்று தருபவரைக் கூப்பிட்டு லோடு டெஸ்ட் எடுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கும் எந்திரங்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று எழுதி வைத்தது, அந்தத் தேதி எப்போது முடிகிறது என்றும் பேப்பரை எடுத்துப் பாருங்கள்.

மெக்கானிக்கோடு சண்டை போடத் தேவையில்லை. "இன்ஜின் ஆஃப்ல இறங்குதே அண்ணே, அது எப்படி பம்ப்?" என்று மட்டும் கேளுங்கள், நல்ல ஆள் என்றால் அவரே கேஜைத் தேடிப் போவார். ராடில் டேப் ஒட்டி எடுத்த இரண்டு அளவு, ஸ்டாப்வாட்சில் எடுத்த நாலு நேரம், சிலிண்டர் உள்விட்டம், ராடு விட்டம், ரிலீஃப் செட்டிங், கண்ட்ரோல் வால்வின் சர்க்யூட் படம், இவற்றை இங்கே போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன்.